கோடு ஏன் வளைகிறது? பேட்ச் ரியாக்டர் டேட்டாவிலிருந்து வினைவேகம் கணிக்கும்போது வரும் கோளாறுகள்

பேட்ச் ரியாக்டரில் (பொருள்களை ஒரே தடவையில் போட்டு வினை நடத்தும் கலன்) வினையை ஓடவிட்டு, குறித்த நேரங்களில் சாம்பிள் எடுத்து, செறிவை அளந்து அட்டவணையும் போட்டாயிற்று. அடுத்தது வினைவகையை, அதாவது வேகம் செறிவின் எத்தனையாவது அடுக்கைப் பொறுத்தது என்பதை, கண்டுபிடிக்கப் பாடப்புத்தகம் சொல்லும் மூன்று வரைபடங்கள். நேரத்துக்கு எதிராகச் செறிவு நேர்கோடானால் பூஜ்யவகை, செறிவின் இயல் மடக்கை நேர்கோடானால் முதல்வகை, செறிவின் தலைகீழி நேர்கோடானால் இரண்டாம்வகை. புத்தகத்தில் மூன்றில் ஒன்று தவறாமல் நேராக வரும். லேபில் மூன்றும் வளையும், இல்லாவிட்டால் மூன்றும் நேராக வந்து வெறுப்பேற்றும்.

அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக, கண்ணில் படும் அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழியைக் கீழே எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வரைபடம் எதைப் போல இருக்கிறதோ அங்கே போகலாம். எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ‘வினைவகை 1.3’ என்று எழுதிக் கொடுப்பதற்கு முன் கருவி, கடிகாரம், வெப்பமானி மூன்றையும் விசாரித்து முடித்திருக்க வேண்டும். பின்ன வகை வினைகள் நிஜமாகவே உண்டு. ஆனால் நான் பார்த்த பின்ன வகைகளில் பாதிக்கு மேல் வேதியியலில் பிறந்தவை அல்ல.

கையில் நான்கு விஷயங்கள் இருக்கட்டும்: செறிவாக மாற்றுவதற்கு முந்தைய அசல் ரீடிங்குகள், ரியாக்டருக்குள் எடுத்த வெப்பநிலைப் பதிவு (வாட்டர் பாத்தின் வெப்பநிலை போதாது), வினை முழுவதும் முடிந்த பிறகு எடுத்த கடைசி ரீடிங், விளைபொருளின் அளவு. நான்காவதை யாரும் எடுப்பதில்லை. குறைந்த வினைபடுபொருளும் கூடிய விளைபொருளும் கணக்கில் ஒத்துப்போகவில்லை என்றால் பொருள் ஆவியாகிப் போகிறது, அல்லது பக்கவினை நடக்கிறது. அதைத் தீர்க்காமல் வரைபடம் போடுவது வீண் வேலை.

மூன்று வரைபடமும் நேராகத்தான் இருக்கிறது

வினை போதிய தூரம் ஓடவில்லை, அவ்வளவுதான். 30 சதவீத மாற்றத்தோடு நிறுத்திவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று வகைக் கோடுகளையும் ஒன்றாகப் பொருத்திவிட்டு, பாதி நேரத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று பாருங்கள். பூஜ்யவகையில் 85 சதவீதம், முதல்வகையில் 83.7, இரண்டாம்வகையில் 82.4. அளவீட்டில் 2 சதவீதப் பிழை இருந்தால் இந்த மூன்றையும் பிரிக்கவே முடியாது. எக்செல் தரும் ஆர் ஸ்கொயர் மதிப்போ (கோடு புள்ளிகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) மூன்றிலும் சுலபமாக 0.99ஐத் தாண்டிவிடும். அதைப் பார்த்து ‘முதல்வகைதான் 0.997, மற்றது 0.994’ என்று தீர்ப்பு எழுதுவது பூவா தலையா போடுவதற்குச் சமம்.

வினையை மேலும் ஓடவிடுங்கள். முதல் அரைவாழ் காலத்தில் எல்லா வகையும் 50 சதவீதத்தில் நிற்கும். அதே அளவு நேரம் இன்னொரு முறை கடந்ததும் பூஜ்யவகையில் ஒன்றும் மிஞ்சாது, முதல்வகையில் 25 சதவீதம் இருக்கும், இரண்டாம்வகையில் 33 சதவீதம். மூன்றாவது முறையில் முதல்வகைக்கு 12.5, இரண்டாம்வகைக்கு 25. வித்தியாசம் இரண்டு மடங்கு. சுமாரான கருவியே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் 85, 90 சதவீதம் வரை போகாத டேட்டாவில் வினைவகையைத் தேடவே வேண்டாம்.

இதிலிருந்தே ஒரு அவசரச் சோதனையும் கிடைக்கிறது. 100லிருந்து 50க்கு வர எடுத்த நேரம், 50லிருந்து 25க்கு வர எடுத்த நேரம், இரண்டையும் ஒப்பிடுங்கள். சமமானால் முதல்வகை, இரட்டித்தால் இரண்டாம்வகை, பாதியானால் பூஜ்யவகை. கணினி தேவையில்லை.

ஆர் ஸ்கொயரை விட்டுவிட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் அளந்த மதிப்புக்கும் கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியாக வரைந்து பாருங்கள். மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்தால் சரி. முதலில் மேலே, நடுவில் கீழே, கடைசியில் மறுபடி மேலே என்று வில்லாக வளைந்தால், ஆர் ஸ்கொயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் நீங்கள் போட்ட கோடு தப்பு.

மடக்கைக் கோடு நன்றாக இறங்கி வந்து, கடைசியில் படுத்துவிடுகிறது

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. சந்தேகிக்க வேண்டியவர்கள் நான்கு பேர்: பின்னணி ரீடிங் (வினைபடுபொருளே இல்லாதபோதும் கருவி காட்டும் எண்), மீள்வினை (விளைபொருள் திரும்பி வினைபடுபொருளாவது), ஒன்றுக்கு மேற்பட்ட வினைவகை, செத்துக்கொண்டிருக்கும் வினையூக்கி. நால்வரும் வரைபடத்தில் ஒரே முகத்தோடுதான் வருவார்கள்.

பின்னணியிலிருந்து தொடங்குவோம். கீழே இருப்பது நான் வேண்டுமென்றே தயாரித்த டேட்டா. அசல் வினை சுத்தமான முதல்வகை, வேக மாறிலி (செறிவிலிருந்து வேகத்தைத் தரும் பெருக்கெண், முதல்வகையில் மடக்கைக் கோட்டின் சாய்வின் அளவு) நிமிடத்துக்கு 0.05. ஒவ்வொரு ரீடிங்கிலும் 0.05 பின்னணியைக் கூட்டியிருக்கிறேன். அழுக்கான குவெட் (ஒளி செலுத்தி அளக்கும் சாம்பிள் குப்பி), சரியாக பிளாங்க் (வினைபடுபொருள் இல்லாத கரைசலின் ரீடிங்) எடுக்காதது, லேசாக நிறமுள்ள விளைபொருள், எதுவாகவும் இருக்கலாம்.

| நேரம், நிமிடம் | ரீடிங் | இயல் மடக்கை | முந்தைய புள்ளியிலிருந்து சாய்வு |
|---|---|---|---|
| 0 | 1.050 | 0.049 | |
| 10 | 0.657 | −0.420 | 0.047 |
| 20 | 0.418 | −0.872 | 0.045 |
| 30 | 0.273 | −1.298 | 0.043 |
| 40 | 0.185 | −1.687 | 0.039 |
| 60 | 0.100 | −2.304 | 0.031 |

மாறிலி 0.047லிருந்து 0.031க்கு இறங்கியிருக்கிறது. வினை நடக்க நடக்க வேகம் எதிர்பார்த்ததைவிடக் குறைவதால், ‘வினைவகை ஒன்றுக்கு மேலே’ என்று மென்பொருள் தயங்காமல் சொல்லும். ஒவ்வொரு ரீடிங்கிலும் 0.05ஐக் கழித்துவிட்டு வரைந்தால் எல்லாச் சாய்வும் 0.05க்கு வந்துவிடும். தொடக்க ரீடிங்கில் 5 சதவீதம்கூட இல்லாத ஒரு பின்னணி, கடைசிப் புள்ளியில் பாதிக்குப் பாதி ஆகிவிடுகிறது. மடக்கை எடுக்கும்போது அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

இதனால்தான் முடிவிலி ரீடிங், அதாவது வினை முற்றிலும் முடிந்த பிறகான ரீடிங், அவ்வளவு முக்கியம். 1850ல் லுட்விக் வில்ஹெல்மி அமிலத்தில் சர்க்கரை உடைவதை ஒளிச்சுழற்சி வழியாகப் பின்தொடர்ந்தார். வினைவேகத்தைச் சமன்பாட்டோடு அளந்த முதல் ஆய்வு என்று அதைத்தான் சொல்வார்கள். சர்க்கரைக் கரைசல் ஒளியை வலப்பக்கம் சுழற்றும், உடைந்த பிறகு கிடைக்கும் கலவை இடப்பக்கம் சுழற்றும். ரீடிங் பூஜ்யத்தைத் தாண்டி எதிர்மறைக்குப் போய்விடுவதால், முடிவிலி மதிப்பைக் கழிக்காமல் மடக்கை எடுக்கவே வழியில்லை. நம்முடைய கருவிகளில் ரீடிங் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பதால், ‘இதுதான் பூஜ்யம்’ என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

முடிவிலிக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது? ஏழு அரைவாழ் காலத்தில் 0.8 சதவீதம் மிஞ்சியிருக்கும், பத்தில் 0.1 சதவீதம். பத்து நல்லது. சீக்கிரம் முடியட்டும் என்று சூடாக்கினால், வினை மீள்வினையாக இருக்கும் பட்சத்தில் சமநிலையே நகர்ந்துவிடும். அந்த ரீடிங் பயன்படாது. காத்திருக்கவே முடியாத மெதுவான முதல்வகை வினைகளுக்கு குகன்ஹைம் 1926ல் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு நேரத்திலும் ஒரு ரீடிங், அதிலிருந்து ஒரே மாறாத இடைவெளி கழித்து இன்னொரு ரீடிங். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் மடக்கையை வரைந்தால் முடிவிலி மதிப்பே தேவைப்படாது. இடைவெளி இரண்டு மூன்று அரைவாழ் காலமாவது இருக்க வேண்டும். வினை முதல்வகை என்று வேறு வழியில் தெரிந்த பிறகுதான் இதைத் தொட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. முடிவிலி மதிப்பைக் குறைத்துக் கழித்தால் கோடு படுக்கும், கூட்டிக் கழித்தால் கடைசியில் செங்குத்தாகக் கவிழும். கோடு நேராகும்வரை கழிக்கும் எண்ணைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்வது பெரிய சபலம். அளந்த மதிப்பைக் கழியுங்கள், வசதியான மதிப்பை அல்ல.

பின்னணி இல்லை என்று உறுதியானால் அடுத்தது மீள்வினை. கடைசியில் நிற்கும் செறிவு உண்மையிலேயே பூஜ்யம் இல்லையா, விளைபொருளைக் கொஞ்சம் சேர்த்தால் வினைபடுபொருள் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். இரு திசையிலும் முதல்வகை என்றால், செறிவிலிருந்து சமநிலைச் செறிவைக் கழித்து மடக்கை எடுத்தால் நேர்கோடு கிடைக்கும். ஆனால் அந்தச் சாய்வு முன்வினை, பின்வினை இரண்டின் மாறிலிகளையும் கூட்டியது. அதை முன்வினைக்கு மட்டும் உரியதாக எழுதிவிடுகிறவர்கள் நிறைய. சமநிலை மாறிலி அந்த இரண்டின் விகிதத்தைத் தரும். கூட்டலும் விகிதமும் தெரிந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

வினையூக்கி செத்துக்கொண்டிருக்கிறதா, அல்லது விளைபொருள் அதன் கையைக் கட்டிப்போடுகிறதா என்று பார்க்க இரண்டே ஓட்டம் போதும். முதல் ஓட்டத்தை 1.0 மோல்/லிட்டரிலிருந்து தொடங்குங்கள். இரண்டாவதை அதே அளவு வினையூக்கியோடு 0.5லிருந்து. இரண்டாவது ஓட்டத்தின் வளைகோட்டை நேர அச்சில் நகர்த்தி, முதல் ஓட்டம் 0.5ஐத் தொட்ட இடத்தில் பொருத்துங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் வேகம் அந்தக் கணத்துச் செறிவை மட்டுமே பொறுத்தது, வினையூக்கி நலமாக இருக்கிறது. இரண்டாவது வேகமாக ஓடினால், முதல் ஓட்டம் 0.5க்கு வருவதற்குள் ஏதோ கெட்டுவிட்டது. அப்போது மூன்றாவது ஓட்டம்: 0.5 வினைபடுபொருளோடு, அதுவரை உருவாகியிருக்கக்கூடிய விளைபொருளையும் சேர்த்துத் தொடங்குங்கள். இப்போது படிந்தால் குற்றவாளி விளைபொருள். படியாவிட்டால் வினையூக்கி செயலிழக்கிறது. இரண்டு வினைபடுபொருள்கள் இருந்தால், ஒன்றைவிட மற்றொன்று எத்தனை மோல் அதிகம் என்ற வித்தியாசத்தை எல்லா ஓட்டங்களிலும் மாறாமல் வைத்துக்கொள்ள வேண்டும். டோனா பிளாக்மண்ட் பிரபலப்படுத்திய முறை இது. சமன்பாடு எதுவும் எழுதாமலே பாதிக் கதை தெரிந்துவிடும் என்பதால் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இந்த மூன்றும் இல்லை என்றால்தான் இரண்டாம்வகையையோ பின்ன வகையையோ யோசிக்க வேண்டும்.

தொடக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு வேகமெடுக்கிறது

முதல் காரணம் வெப்பநிலை. குளிர்ந்த கரைசலைச் சூடான கரைசலில் ஊற்றினால், கலவை சூடேறும்வரை வினை மெதுவாகத்தான் போகும். இரண்டையும் தனித்தனியாக அதே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து கலந்து பாருங்கள். மந்தம் மறைந்தால் பிரச்சினை முடிந்தது. திடப்பொருள் கரைய எடுக்கும் நேரமும் இதே வேஷத்தில் வரும்.

மறையாவிட்டால் தன்வினையூக்கம் ஒரு வாய்ப்பு. பெர்மாங்கனேட்டை ஆக்சாலிக் அமிலத்தோடு தரம்பார்த்தவர்களுக்கு இது பழக்கம்: முதல் சொட்டுகளின் நிறம் போக நேரமாகும், மாங்கனீசு இரண்டு அயனி உருவானதும் அதுவே வினையூக்கியாகி நிறம் சட்சட்டென்று மறையும். சோதனை எளிது. விளைபொருளைச் சிறிது முன்கூட்டியே சேர்த்துத் தொடங்குங்கள். மந்தக் காலம் சுருங்கினால் தன்வினையூக்கம்தான். சுருங்காவிட்டால் ஏதோ ஒரு தடைப்பொருள் தீர்ந்துபோவதற்காக வினை காத்திருக்கிறது. தனி உறுப்பு பலபடியாக்கத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அப்படிப்பட்டது. நைட்ரஜனை ஊதி வெளியேற்றிவிட்டுத் தொடங்கினால் தெரிந்துவிடும்.

தொடக்க நேரத்தையே சரியாகக் குறிக்கவில்லை என்ற கவலை இருந்தால், முதல்வகையில் அது சாய்வைத் தொடாது. கோடு பக்கவாட்டில் நகரும், அவ்வளவுதான். ஆனால் எக்செலில் ‘தொடக்கப்புள்ளி வழியாகக் கோடு’ என்ற பெட்டியைத் டிக் செய்திருந்தால் அந்தப் பிழை நேராகச் சாய்வுக்குள் புகுந்துவிடும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு ஓட்டமும் அழகான முதல்வகை, ஆனால் தொடக்கச் செறிவை மாற்றினால் மாறிலியும் மாறுகிறது

இங்கே இரண்டு வினைவகைகள் குழம்பிக் கிடக்கின்றன. ஒரே ஓட்டத்துக்குள் நேரத்தோடு செறிவு குறைவதிலிருந்து கிடைப்பது ஒன்று. பல ஓட்டங்களின் தொடக்க வேகங்களை ஒப்பிட்டுக் கிடைப்பது இன்னொன்று. இரண்டாவதில் விளைபொருள் இன்னும் உருவாகவில்லை என்பதால் அதுதான் சுத்தமானது. தொடக்கச் செறிவை இரட்டிப்பாக்கும்போது தொடக்க வேகம் 2 மடங்கானால் முதல்வகை, 4 மடங்கானால் இரண்டாம்வகை, 2.83 மடங்கானால் ஒன்றரை.

நேரத்திலிருந்து கிடைத்த வகை, தொடக்க வேகத்திலிருந்து கிடைத்ததைவிடப் பெரிதாக இருந்தால், விளைபொருள் வினையைத் தடுக்கிறது. சிறிதாக இருந்தால் வேகப்படுத்துகிறது. தொடக்கச் செறிவு கூடக் கூட வேகம் ஒரு உச்சத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றால், நொதியிலோ திட வினையூக்கியிலோ இடம் நிரம்பிவிட்டது. அங்கே வினைவகை என்று ஒரே எண்ணைத் தேடுவதில் அர்த்தமில்லை. குறைந்த செறிவில் ஒன்றாகவும் அதிகச் செறிவில் பூஜ்யமாகவும் தெரியும். இப்படி இடம் நிரம்புவதைக் கணக்கில் எடுக்கும் வேகச் சமன்பாடுகளை, நொதிக்கு மிக்கேலிஸ்–மென்டன் வடிவம், திடப்பரப்புக்கு லாங்மியூர் வடிவம் என்று போட்டுப் பாருங்கள்.

போலி முதல்வகை (ஒரு வினைபடுபொருளை மிக அதிகமாகச் சேர்த்து, அதன் செறிவு மாறாது என்று கொண்டு, மற்றதை மட்டும் பின்தொடர்வது) வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: அதிகப்படியாகச் சேர்த்தது உண்மையில் போதிய அளவு அதிகம் இல்லை. 10 மடங்கு சேர்த்தால், ஒன்றுக்கு ஒன்று வினையில் கடைசியில் அதுவும் 10 சதவீதம் குறைந்திருக்கும், கோடு லேசாகப் படுக்கும். 20 மடங்கென்றால் 5 சதவீதம். அப்புறம், அந்த அதிகப்படிச் செறிவை மாற்றி மாற்றிக் கிடைத்த மாறிலிகளை அதற்கு எதிராக வரையும்போது கோடு பூஜ்யம் வழியாகப் போகிறதா என்று பாருங்கள். வெட்டுத்துண்டு ஒன்று மிஞ்சினால், அந்தப் பொருள் இல்லாமலேயே வினை நடக்க வேறொரு வழியும் இருக்கிறது. கரைப்பானோடு நேரடியாக நடக்கும் வினை பெரும்பாலும் இப்படித்தான் அகப்படும்.

செறிவு நேர்கோட்டில் இறங்குகிறது, தீரும்வரை வேகமே மாறவில்லை

நிஜப் பூஜ்யவகை இருக்கலாம். அமிலத்தில் அசிட்டோனோடு அயோடின் சேரும் வினையில், அயோடினின் நிறம் ஒரே சீராகக் குறைந்து திடீரென்று தீர்ந்துவிடும். மெதுவான படியில் அயோடினுக்கு வேலையே இல்லை என்பதுதான் காரணம். ஆனால் வாயுவை ஊதி நடத்தும் வினையிலோ இரண்டு அடுக்குத் திரவத்திலோ நேர்கோடு வந்தால், நீங்கள் அளப்பது பொருள் ஓர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கும் வேகமாக இருக்கக்கூடும். கலக்கியின் வேகத்தை இரட்டிப்பாக்குங்கள். கோடு செங்குத்தானால் நீங்கள் இன்னும் வினைவேகத்தை அளக்கவே தொடங்கவில்லை.

வேகத்தின் மடக்கைக்கும் செறிவின் மடக்கைக்கும் வரைந்தால் புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன

அடுத்தடுத்த இரண்டு ரீடிங்குகளின் வித்தியாசத்தை இடைவெளியால் வகுத்து வேகம் கண்டிருப்பீர்கள். 0.500, 0.490 என்ற இரண்டு ரீடிங்கில் ஒவ்வொன்றுக்கும் 0.005 பிழை இருந்தால், வித்தியாசமான 0.010ல் பிழை 0.007. எழுபது சதவீதம்! சாம்பிள்களை நெருக்கி எடுக்க எடுக்க இது இன்னும் மோசமாகும். டேட்டா முழுவதற்கும் ஒரு வழுவழுப்பான வளைகோட்டைப் பொருத்தி அதை வகையிடலாம், ஆனால் இரு முனைகளிலும் வரும் மதிப்பை நம்ப வேண்டாம். தொடக்கச் செறிவுகளை மாற்றித் தொடக்க வேகம் கண்டுபிடிக்க மட்டும் இந்த முறையை வைத்துக்கொண்டு, மற்றதற்கு, செறிவையும் நேரத்தையும் நேரடியாக இணைக்கும் தொகையிட்ட சமன்பாடுகளுக்குப் போய்விடுங்கள்.

நேர்கோட்டிலிருந்து ஒரு மாறிலி, கணினிப் பொருத்தத்திலிருந்து வேறொன்று

தப்பு பெரும்பாலும் நேர்கோட்டில்தான். கடைசிப் புள்ளியில் செறிவு 0.02, பிழை கூட்டல் கழித்தல் 0.01 என்று வையுங்கள். மடக்கை எடுத்தால் அந்தப் புள்ளி −3.5க்கும் −4.6க்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் விழலாம். தலைகீழி எடுத்தால் 33லிருந்து 100 வரை! அந்த ஒரு புள்ளி, நன்றாக அளந்த மற்ற பத்துப் புள்ளிகளின் கோட்டையும் தன் பக்கம் இழுத்துவிடும். செறிவை மாற்றாமல் அப்படியே வைத்து, நேரத்தோடு குறையும் வளைகோட்டைப் பொருத்துவதுதான் சரியான வழி. நேர்கோட்டைப் பார்வைக்கும், கணினிக்குக் கொடுக்கும் தொடக்க ஊகத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வினைவகையையும் மாறிலியையும் ஒன்றாக மிதக்கவிட்டால் கணினி திணறும். ஒன்று கூடும்போது மற்றொன்று ஈடுகட்டிவிடும், இரண்டிலும் பிழை வரம்பு பெரிதாக இருக்கும். வகை மாறினால் மாறிலியின் அலகே மாறுவதும் ஒரு தலைவலி. செறிவைத் தொடக்கச் செறிவால் வகுத்துவிட்டுப் பொருத்தினால் மாறிலி எப்போதும் ‘நேரத்துக்கு இவ்வளவு’ என்ற ஒரே அலகில் இருக்கும், திணறலும் குறையும்.

அதே சாம்பிளை மறுபடி அளந்தால் வேறு மதிப்பு

வினை நிற்கவில்லை. குப்பிக்குள் தொடர்ந்து நடந்துகொண்டிருக்கிறது.

நானே இதில் ஒரு வாரத்தைத் தொலைத்திருக்கிறேன். சாம்பிள்களை எச்பிஎல்சியின் (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) தட்டில் வரிசையாக அடுக்கிவிட்டு இரவு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால் முதல்வகைக் கோடு கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல் இருந்தது. ஆனால் அந்த மாறிலியை வைத்து ரியாக்டர் நேரத்தைக் கணக்கிட்டால் எதுவும் பொருந்தவில்லை. சந்தேகத்தில் அடுத்த ஓட்டத்துச் சாம்பிள்களைத் தலைகீழ் வரிசையில் அடுக்கினேன். வளைகோடு வேறு உருவத்தில் வந்தது. நான் அளந்ததெல்லாம் குப்பி வரிசையில் காத்திருந்த நேரத்தை. அன்றிலிருந்து எந்தப் புது வினைக்கும் ஒரே சாம்பிளை வரிசையின் முதலிலும் கடைசியிலும் வைத்துவிடுவேன்.

ஐஸில் வைத்தால் நின்றுவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) 50 கிலோஜூல்/மோல் என்றால், 25 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் கொண்டுபோவது வேகத்தை ஆறு மடங்குதான் குறைக்கும். பத்து நிமிடத்தில் அளந்துவிட்டால் பரவாயில்லை, இரவு முழுவதும் வைத்தால் பயனில்லை. வினையை வேதியியலால் வெட்டுங்கள். எத்தில் அசிட்டேட்–சோடியம் ஹைட்ராக்சைடு வினையில், சாம்பிளை அளவு தெரிந்த அதிகப்படி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் விட்டால் காரம் உடனே தீர்ந்துவிடும். மிச்ச அமிலத்தைத் தரம்பார்த்துப் பின்னோக்கிக் கணக்கிடலாம். சாம்பிளே எடுக்காமல் கடத்துத்திறனைத் தொடர்ந்து அளப்பது இன்னும் நல்லது. ஹைட்ராக்சைடு அயனி போய் அசிட்டேட் அயனி வருவதால் ரீடிங் தெளிவாகக் குறையும். காரக் கரைசல் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை இழுத்துக்கொள்ளும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். நேற்று தரம்பார்த்த செறிவு இன்றைய செறிவு இல்லை.

கிளர்வு ஆற்றல் விசித்திரமாக வருகிறது

10, 20 கிலோஜூல்/மோல் என்று மிகக் குறைவாக வந்தால் முதலில் கலக்கி. பரவல் வேகம் வெப்பநிலையால் அவ்வளவாக மாறாது, அதனால் பரவல் ஆளும் இடத்தில் அர்ஹீனியஸ் கோட்டின் (தனி வெப்பநிலையின் தலைகீழிக்கு எதிராக வேக மாறிலியின் மடக்கை) சரிவு குறையும். துளையுள்ள வினையூக்கியில் துளைக்குள் பரவுவதுதான் மெதுவான படி என்றால், உண்மையான கிளர்வு ஆற்றலில் ஏறக்குறைய பாதி தெரியும். வினையூக்கியைப் பொடியாக்கி மறுபடி ஓட்டுங்கள். வேகம் கூடினால் அதுதான். அர்ஹீனியஸ் கோடு குறைந்த வெப்பநிலையில் செங்குத்தாகவும் அதிக வெப்பநிலையில் படுத்தும் இருந்தால் அதே கதையை ஒரே வரைபடத்தில் பார்க்கிறீர்கள்.

மிக அதிகமாக வந்தாலோ ஓட்டத்துக்கு ஓட்டம் ஆடினாலோ வெப்பநிலை. கிளர்வு ஆற்றல் 80 கிலோஜூல்/மோல் உள்ள வினையில் 25 டிகிரி பக்கத்தில் ஒரு டிகிரி தவறினால் வேக மாறிலி 11 சதவீதம் தவறும். வெப்ப உமிழ் வினையில் அந்த ஒரு டிகிரி தானாகவே வரும். 2 மோல்/லிட்டர் செறிவில், மோலுக்கு 80 கிலோஜூல் வெளியிடும் வினை, நீர்க் கரைசலில் வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் 38 டிகிரி ஏற்றிவிடும். வாட்டர் பாத் 25 என்று காட்டிக்கொண்டே இருக்கும். கரைசலை நீர்க்கச் செய்யுங்கள், வெப்பமானியை உள்ளே வையுங்கள்.

எத்தனை வெப்பநிலைகள் என்பதைவிட எவ்வளவு இடைவெளி என்பதில் கவனம் தேவை. ஒவ்வொரு மாறிலியிலும் 5 சதவீதப் பிழை இருக்க, 25, 30 டிகிரி என்ற இரண்டில் மட்டும் அளந்தால் கிளர்வு ஆற்றலில் பிழை 10.6 கிலோஜூல்/மோல். 25, 45 என்று அகட்டினால் 2.8. இரண்டு புள்ளி வழியாக எப்போதும் நேர்கோடு போகும் என்பதால், நடுவில் ஒன்றிரண்டு வெப்பநிலைகளும் வேண்டும்.

வாயு வினை: அழுத்தத்தின் மடக்கை மேலே போகிறது

சிரிக்காதீர்கள், மொத்த அழுத்தத்தை அப்படியே மடக்கையில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மூடிய கலனில் அளப்பது எல்லா வாயுக்களின் கூட்டு அழுத்தம். டை-டெர்ட்-பியூட்டைல் பெராக்சைடு ஒரு மூலக்கூறு உடைந்தால் இரண்டு அசிட்டோனும் ஒரு ஈத்தேனும் வரும், அழுத்தம் கடைசியில் மூன்று மடங்காகும். மிச்சமுள்ள பெராக்சைடின் அழுத்தம், தொடக்க அழுத்தத்தின் மூன்று மடங்கிலிருந்து மொத்த அழுத்தத்தைக் கழித்து இரண்டால் வகுத்தது. அதன் மடக்கையைத்தான் வரைய வேண்டும். கடைசி அழுத்தம் மூன்று மடங்குக்கு வராமல் நின்றுவிட்டால் கசிவையோ பக்கவினையையோ தேடுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் நேற்றைய மாறிலியும் இன்றைய மாறிலியும் ஒத்துப்போகவில்லை

ஒவ்வொரு நாளின் கோடும் நேர், வெப்பநிலை நிலை, பின்னணி கழித்தாயிற்று. இருந்தும் 20, 30 சதவீதம் ஆடுகிறது என்றால் எழுதி வைக்காத ஏதோ ஒன்று வினையில் பங்கெடுக்கிறது. கரைப்பானில் துளி நீர், முந்தைய ஓட்டத்தில் கலனில் ஒட்டிய அமிலம், உலோகத் தடம். கரைப்பான் பாட்டிலை மாற்றி ஒரு ஓட்டம், கலனை மாற்றி ஒரு ஓட்டம். இரண்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். வாயு வினையாக இருந்தால் கண்ணாடிச் சுவரே வினையூக்கியாக இருக்கலாம். உடைந்த கண்ணாடிக் குழாய்த் துண்டுகளைக் கலனுக்குள் நிரப்பிப் பரப்பைக் கூட்டி ஓட்டுங்கள். மாறிலி எகிறினால், இதுவரை வாயுவுக்கு எழுதிய மாறிலியில் ஒரு பங்கு சுவருக்கு உரியது.